மாசி மாதத்து வீட்டுத்தோட்டமும் கிணற்று நீரும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாசி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளில் வீட்டுத்தோட்ட வேலை மிகுகின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்த மழையின் ஈரம் மண்ணின் அடியில் இன்னும் நிற்கும். கிணற்றில் நீர்மட்டம் கோடையிலும் பார்க்க வெகுவாக உயர்ந்திருக்கும். காலபோக நெல் அறுவடையாகிப் புதிய வைக்கோல் கிடைக்கும். வேலிகளில் பூவரசும் கிளிசிரியாவும் குழை செறிந்து நிற்கும். இரவிற் பனியும் பகலில் மிதமான வெயிலும் இருப்பதால் இளஞ்செடிகள் வாடாமல் வேரூன்றும். ஈரம், நீர், வைக்கோல், குழை ஆகிய நான்கும் ஒருங்கே கைக்கெட்டுங் காலம் ஆண்டில் இதுவொன்றே. பங்குனி நடுப்பகுதியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இந்நிலை மாறிவிடும்.

எனினும், நீர் நிறைந்திருக்கும் இக்காலத்திலேயே அது பெரிதும் வீணாகின்றது. வீணாகும் நீர் தனியே போவதுமில்லை. பாத்தியிலிட்ட பசளையையுங் கரைத்துக் கொண்டே போகின்றது. குடும்பத்தவர் குடிக்கும் கிணறும் தோட்டத்துக்கு இறைக்குங் கிணறும் ஒன்றாகவே இருக்கும் வளவுகளில் இதனைப் பற்றி மிகக் கவனமாகச் சிந்தித்தல் வேண்டும்.

மாசியிற் பயிர்கள் நிற்கும் நிலை

மார்கழியில் நாற்று நட்ட கத்தரி இப்பொழுது முதற் காய்களைத் தரும். அதே காலத்தில் நட்ட தக்காளி பூத்துக் காய்த்து, மாசிக் கடைசியிற் பழுக்கத் தொடங்கும். தக்காளிப் பூக்கள் நன்கு காய்ப்பிடிப்பதற்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். ஆகவே, மாசியில் நாற்று நடுவோர் செடியைக் காண்பரேயன்றிப் பழத்தைப் போதியளவு காணமாட்டார்கள். அச்செடிகள் பூக்கும்போது சித்திரை வெப்பம் வந்துவிடும். இதுவரை தக்காளி நடாதவர்கள் அப்பாத்தியில் வெண்டி அல்லது பயிற்றை இடுவது நலம்.

தக்காளிப் பழத்தின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுவதைப் பலர் நோயென எண்ணி மருந்து தெளிப்பர். அது கிருமியால் உண்டாவதன்று. கல்சியம் காய்க்குப் போய்ச் சேராமையே அதன் காரணமாகும். குடாநாட்டில் மண் சுண்ணக்கல்லின் மேல் அமைந்திருக்கின்றது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு மிகுதி. அவ்வாறிருந்தும் காய்க்குக் கல்சியம் போதாமற் போவதற்குக் காரணம், நீர் ஒழுங்காகக் கிடையாமையே. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக இறைக்கும் தோட்டங்களில் இக்குறை மிகுதியாகத் தோன்றும். மருந்துக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் அளவாக நீர் ஊற்றினால் பின்வருங் காய்கள் நன்றாக இருக்கும்.

தைமாதத்தில் நட்ட மிளகாய், மாசியிற் கிளைவிட்டுப் பூ அரும்பும். வெங்காயம் குமிழ் பருக்குந் தறுவாயில் நிற்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது ஊர் வழக்கு. இப்பனி இளஞ்செடிகளுக்கு நன்மை செய்யினும், இலைகளில் நெடுநேரம் ஈரம் தங்கினால் வெங்காயத்திலும் புடோல், பாகல் போன்ற கொடிகளிலும் பங்கசு நோய்கள் பரவ இடமுண்டாகும். ஆகவே, இம்மாதத்திற் காலையில் வேரடியில் நீர் ஊற்றுதல் வேண்டும். மாலையில் இலை நனைய ஊற்றினால், பனியோடு அந்நீருஞ் சேர்ந்து விடியும்வரை இலையிலே நிற்கும்.

பாத்திக்கு எவ்வளவு நீர்

ஐவர் கொண்ட ஒரு குடும்பம் கால் பரப்பு நிலத்தில் மரக்கறி செய்கின்றதெனக் கொள்வோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கராதலால், கால் பரப்பு ஏறத்தாழ 63 சதுர மீற்றராகும். இதில் ஐந்து மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுங் கொண்ட ஒன்பது பாத்திகள் அமைக்கலாம். எஞ்சிய இடம் நடைபாதைக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். கத்தரிக்கு இரண்டு, மிளகாய்க்கு இரண்டு, தக்காளி, வெங்காயம், வெண்டி, பயிற்றை, கீரை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று எனப் பாத்திகளைப் பங்கிடலாம். கொடிப் பயிர்கள் கிணற்றடிக்கு அண்மையிற் பந்தலில் நிற்கும். அவை இக்கணக்கிற் சேரா.

நிலத்தை மூடி வளர்ந்த மரக்கறிப் பயிருக்கு உலர்வலயத்தில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு லீற்றர் வரை நீர் போதுமென மதிப்பிடலாம். மாசியில் நான்கு லீற்றர் எனவும், வெயில் மிகுந்த சித்திரையில் ஆறு லீற்றர் எனவும் கொண்டால், ஒன்பது பாத்திகளுக்கும் மாசியில் நாளுக்கு 180 லீற்றரும் சித்திரையில் 270 லீற்றரும் வேண்டும். வாளியொன்று 12 லீற்றர் கொள்ளுமாயின், மாசியிற் பதினைந்து வாளி. சித்திரையில் இருபத்துமூன்று வாளி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுவோர் மாசியிற் பாத்தியொன்றுக்கு மூன்று வாளிக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றினாற் போதும்.

இக்கணக்கை இறைப்பு இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நிமிடத்துக்கு 200 லீற்றர் இறைக்கும் ஓர் இயந்திரம் கால்மணி நேரத்தில் 3,000 லீற்றரை வெளியேற்றும். இந்த ஒன்பது பாத்திகளுக்கும் மாசியில் இரண்டு நாட்களுக்கு வேண்டியது 360 லீற்றரே. எனவே, "சிறிது நேரந்தானே" என்று கால்மணி நேரம் இயந்திரத்தை ஓடவிடுபவர் தேவையிலும் எட்டு மடங்குக்கு மேலான நீரைத் தோட்டத்தில் விடுகின்றார். துலாவினால் இறைத்த காலத்தில் இவ்வளவு நீரை வீணாக்குவதற்கு ஒருவருக்கும் உடல் இடங்கொடுத்திராது. இயந்திரத்தை விட்டுவிட வேண்டுமென்பது இதன் கருத்தன்று. ஒரு தொட்டியை நிரப்பி, அதிலிருந்து வாளியாலோ பூவாளியாலோ ஊற்றினால் கணக்கு தவறாது. எரிபொருட் செலவும் குறையும்.

நீர் போதுமா என்பதை மேல்மண்ணைப் பார்த்துத் தீர்மானித்தல் கூடாது. மாசி வெயிலில் மேல்மண் ஒரு பகலிலேயே வெளிறிவிடும். நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக் கையிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். பிடித்த மண் உருண்டையாக நிற்குமாயின் அன்று நீர் வேண்டியதில்லை. உதிருமாயின் ஊற்றலாம். மணற்பாங்கான கரையோரப் பகுதிகளில் மண் நீரைத் தாங்காதாகையால், அளவைக் குறைத்து நாள்தோறும் ஊற்றுதல் நன்று. நாற்றுகளுக்கும் அவ்வாறே, அவற்றின் வேர் இன்னும் மேல்மண்ணைத் தாண்டியிருக்காது.

பசளையும் குடிநீரும்

மிகையாக விட்ட நீர் எங்கே போகின்றது? குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கற் பிளவுகளிலும் துவாரங்களிலும் தங்கி நிற்கின்றது. நன்னீர் இலேசானதாதலால், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு படைபோல் மிதக்கின்றது. கிணறுகள் யாவும் இப்படையிலிருந்தே நீர் பெறுகின்றன. தோட்டத்தில் மிகையாக ஊற்றிய நீரின் ஒரு பகுதி காற்றிலே போகும். மீதி வேரைக் கடந்து அதே படைக்குத் திரும்பும். நீர் திரும்பிவிட்டதே, நட்டம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. திரும்பும் நீர் போனபடியே வருவதில்லை என்பதே விடை.

யூரியாவை மண்ணில் இட்டதும் அது சில நாட்களில் மாற்றமடைந்து நைத்திரேற்றாகின்றது. பயிர்கள் பெரும்பாலும் இவ்வுருவிலேயே நைதரசனை உட்கொள்கின்றன. ஆயின், நைத்திரேற்று மண்ணிற் பற்றிக்கொள்வதில்லை. நீர் சென்ற வழியே செல்லும். பசளையிட்ட மறுநாள் வெள்ளமாக இறைத்தால், பயிருக்கென வாங்கிய பசளையிற் கணிசமான பங்கு கிணற்றை நோக்கி இறங்கும். மாட்டெருவும் கோழியெருவுங்கூட அளவு மீறினால் இதே விளைவைத் தரும். மலசலகூடக் குழிகள் அண்மையிலிருந்தால் கேடு மேலும் பெருகும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்ற அளவைத் தாண்டியிருந்தமை பல ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றாகும்.

வளர்ந்தோரிலும் பார்க்கக் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து மிகுதி. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பால்மாவை உண்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தையுள்ள வீட்டார் தமது கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, முடிவு தெரியும்வரை குழந்தைக்குப் பாதுகாப்பான வேறு நீரைப் பயன்படுத்துதல் வேண்டும். இதுபற்றி அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தறியலாம்.

இரசாயனப் பசளையை முற்றாக நிறுத்துவதே இதற்கு வழியெனச் சிலர் கூறுவர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டதையும், இடைப்பட்ட காலத்தில் நெற்செய்கையாளர் பட்ட இன்னலையும் கமக்காரர் மறந்திரார். ஆனால் கால் பரப்பு வீட்டுத்தோட்டம் வயலைப் போன்றதன்று. அதற்கு வேண்டிய ஊட்டத்திற் பெரும்பங்கை அவ்வளவிலேயே தேடிக்கொள்ளலாம். வேலியில் வெட்டிய பூவரசு, கிளிசிரியாக் குழையைப் பாத்திகளின் நடுவே சாண் ஆழக் கிடங்கில் தாழ்த்தி மண்ணால் மூடினால், மாசி ஈரத்தில் அது விரைவில் உக்கும். அடுக்களைக் கழிவும் கூட்டிய சருகும் சாணமும் கொண்டு கூட்டெரு செய்யலாம். எருக்குவியலைக் கிணற்றுக்கு எட்டவாக வைத்து, மழை படாமற் கிடுகால் மூடுதல் வேண்டும். மேலதிகமாக யூரியா இடவேண்டி நேர்ந்தால், விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவைப் பல முறைகளாகப் பிரித்துச் சிறிது சிறிதாக இட்டு, அன்று பாத்தி நனையுமளவே நீர் ஊற்றுதல் வேண்டும்.

வைக்கோலின் பயன்

அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலை எரிப்பது இன்றும் சில இடங்களில் நடைபெறுகின்றது. ஒரு கடகம் வைக்கோல் பங்குனியில் எத்தனை வாளி நீருக்கு ஈடாகும் என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு செய்யார். செடிகளின் அடியைச் சுற்றி மூன்று அங்குலக் கனத்தில் வைக்கோலைப் பரப்பினால் வெயில் மண்ணில் நேரே படாது, களைகள் குறையும், மண்ணின் குளிர்ச்சி நிலைக்கும். பாத்தி நனைந்திருக்கும்போதே இதனைப் பரப்புதல் வேண்டும். காய்ந்த மண்ணின் மேற் பரப்பினால் ஊற்றும் நீரை முதலில் வைக்கோலே குடித்துவிடும். தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுவதும் அவசியம்; இன்றேல் தண்டின் அடி அழுகவும் கறையான் ஏறவுங் கூடும். வைக்கோல் கிடையாதவர்கள் வாழைச்சருகையோ காய்ந்த வேலிக்குழையையோ பயன்படுத்தலாம்.

பயிற்றைப் பாத்திக்கு வைக்கோல் இருவகையில் உதவுகின்றது. முளைத்து வரும் பயிற்றையின் தண்டைத் துளைக்கும் சிறிய ஈயொன்று வறண்ட காலத்திற் பெருகும். இலை மஞ்சளித்து, தண்டின் அடி வீங்கிச் செடி சாயும்போதே பலர் இதனை அறிவர். முளைத்தவுடன் வைக்கோல் பரப்பிய பாத்திகளில் இதன் தாக்கம் குறைவாக இருக்கும். அடித்தண்டுக்கு மண் அணைத்துவிட்டால், தாக்கப்பட்ட செடியும் மேலே புதுவேர் விட்டுப் பிழைக்க வழியுண்டு.

இடைவெளிவிட்டு விதைத்தல்

வீட்டுத்தோட்டத்தின் நோக்கம் சந்தைக்கு ஒரே நாளில் ஏற்றுவதன்று. அடுப்புக்கு நாள்தோறும் கொடுப்பதாகும். ஒரு பாத்தி முழுவதும் ஒரே நாளிற் கீரை விதைத்தவர் நான்காம் வாரத்தில் அயலாருக்கெல்லாம் கீரை பகிர்வார். ஆறாம் வாரத்திற் கடையில் வாங்குவார். கீரைப் பாத்தியை நான்கு துண்டாக்கி, வாரத்துக்கு ஒரு துண்டு விதைத்து வந்தால் முதற்றுண்டைப் பிடுங்கும்போது கடைசித் துண்டு முளைத்திருக்கும். வெண்டியையும் பயிற்றையையும் மாசி முதல் வாரத்தில் அரைப் பாத்தியும், மூன்று வாரங்கழித்து எஞ்சிய அரையும் இடலாம். வெண்டி ஏறத்தாழ ஏழு வாரத்திற் காய் தரும். அதன்பின் ஒன்றுவிட்டொரு நாள் பறித்தல் வேண்டும். முற்றவிட்ட காய் சமையலுக்கும் உதவாது, செடியையும் ஓய்த்துவிடும்.

தொடங்குங் காலம் எத்துணை முக்கியமென்பது 2022 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் உணவுப் பொருள்களும் எரிபொருளும் அரிதாகியபோது, வீட்டுத்தோட்டஞ் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு அவ்வாண்டு யூன் மாதத்தில் வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை பெறும் மாவட்டங்களுக்கு அக்காலம் பொருந்தும். வடபகுதியில் ஆனி மாதமென்பது சோளகம் வீசி மண் பறக்குங் காலம். அப்பொழுது முதன்முதலாக மண்வெட்டி எடுத்தவர்கள் முதல் நாளிலிருந்தே கிணற்றை மட்டும் நம்பவேண்டியவராயினர். அதே உழைப்பை மாசியிற் செலவிட்டிருந்தால் மண்ணே பாதி உதவியைச் செய்திருக்கும்.

பந்தலும் பீடைகளும்

புடோலும் பாகலும் மாசி முற்பகுதியில் ஊன்றினால் ஏறத்தாழ இரண்டு மாதத்திற் காய்க்கும். அவை பந்தல் நிறையப் படருங் காலத்திற் சோளகம் தொடங்கிவிடுமாதலால், பந்தற்கால்களை இப்பொழுதே இரண்டடி ஆழத்துக்கு நட்டு இறுக்குதல் வேண்டும். கொடி படர்ந்தபின் காலை மாற்ற முயல்வோர் கொடியையும் இழப்பர். குளிக்கும் நீர் வாழைக்கும் பந்தற்கொடிக்கும் போகுமாறு வாய்க்கால் வெட்டலாம். சவர்க்கார நீரைக் கீரைக்கு விடாதிருத்தல் நலம். பழ ஈ குத்தி அழுகி விழுங் காய்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். பிஞ்சுகளைக் கடதாசிப் பையாலோ ஓலையாலோ மூடிக் கட்டுவது பழைய முறையாயினும் இதற்கு நிகரான மருந்து வேறில்லை.

கத்தரியில் தளிர் ஒன்று மட்டும் தலைசாய்ந்து வாடி நிற்குமாயின், அதனுட் புழு இருக்கின்றது என்பது தெளிவு. துளைக்குக் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும்; எருக்குழியிற் போடலாகாது. வாரத்துக்கொரு முறை சிறுவர்களே இவ்வேலையைச் செய்யலாம். கால் பரப்புத் தோட்டத்துக்குப் பூச்சிநாசினி வாங்குவது, காயை உண்ணப்போகும் அதே குடும்பத்தின் கையில் நஞ்சைக் கொடுப்பதாகும்.

பங்குனியில் மிளகாய் இலைகள் சுருளத் தொடங்கும். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சியினாலும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியினாலும் ஏற்பட்டதாகும். வேரடி காயாமற் பார்த்துக்கொள்வதோடு, காலையில் இலையின் அடிப்பக்கத்தை நீரால் அடித்துக் கழுவினால் இவை குறையும். கூடினால், முந்திய ஆடியிற் பொறுக்கி நிழலில் உலர்த்திய வேப்பம்பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்துச் சிறிது சவர்க்காரங் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

கிணற்று நீரில் உவர் ஏறுகின்றதா என்பதையும் பங்குனி முதற் கவனித்து வருதல் வேண்டும். அயலிலுள்ள தோட்டங்கள் யாவும் இறைக்குங் காலத்தில் நன்னீர்ப் படை மெலிந்து அடிநீர் மேலெழும். நாவில் உவர்ப்புத் தெரியுமுன்னரே வெங்காயத் தாளின் நுனியும் மிளகாய் இலையின் ஓரமும் கருகுவதிலிருந்து இதனை உணரலாம். அந்நிலையில் ஒரே நாளில் நெடுநேரம் இறைப்பதை விடுத்து, கிணறு ஊறுவதற்கு இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும். புதிய பாத்தி எதனையுந் தொடங்கலாகாது.

விதை எடுத்தல்

அடுத்த போகத்துக்கான விதையைப் பங்குனியிலே தெரிவு செய்துகொள்ளலாம். நோயற்று நன்கு காய்க்கும் இரண்டு மூன்று கத்தரிச் செடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டாம் மூன்றாம் பறிப்புக்குரிய நல்ல காய் ஒன்றில் நூல் கட்டிவிட வேண்டும். வீட்டிலுள்ளோர் அறியாது பறித்துவிடாதிருக்க இது உதவும். காய் மஞ்சளாகிப் பழுத்தபின் பிளந்து, விதையை நீரிற் கழுவி, மிதப்பவற்றை நீக்கி, அடியில் தங்கியவற்றை நிழலில் உலர்த்துதல் வேண்டும். கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த செடியாயின் அதன் விதை தாயைப் போல் அமையாதாகையால், அதனை விடுத்துத் திருநெல்வேலி ஊதா போன்ற நாட்டில் நிலைத்த இனங்களிலிருந்தே விதை எடுத்தல் நன்று. உலர்ந்த விதையைச் சலித்த சாம்பலுடன் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, இனத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுப்பின் வெப்பம் படாத இடத்தில் வைத்துக்கொண்டால் புரட்டாதியில் நாற்றுமேடைக்கு அது பயன்படும்.